பெயர் கடைசியில்தான்: அக்கம்பக்கத்துப் பறவைகளையும் பூச்சிகளையும் கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களோடு நடந்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கிளையில் ஏதோ அசைந்த உடனே கை போனுக்கோ புத்தகத்துக்கோ போய்விடுகிறது. தேடி முடித்து நிமிர்ந்தால் பறவை அங்கே இல்லை. புத்தகத்திலோ ஒரே மாதிரி மூன்று படங்கள். அலகு எப்படி இருந்தது, வாலை ஆட்டியதா, தரையில் மேய்ந்ததா என்று கேட்டால் பதில் இருக்காது.

இதற்குக் கூடுதல் அறிவு தேவையில்லை, வரிசையை மாற்றினால் போதும். முதலில் பார்ப்பது, அடுத்து எழுதுவது, முடிந்தால் படம் எடுப்பது, கடைசியில் பெயர் தேடுவது. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. பட்டாம்பூச்சி, தட்டான், சிலந்தி, ஓணான் என்று எதைப் பார்த்தாலும் இது பொருந்தும். முறை மாறுகிற இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

தூரத்துச் சரணாலயத்தில் தொடங்காதீர்கள். சில நிமிட நடையில் போய்விடக்கூடிய இடம் போதும்: ஒரு மாடி, தோட்டத்து மூலை, தெருமுனை மரம், குளக்கரை. அடிக்கடி போகும் இடத்தில்தான் எது வழக்கம், எது புதுசு என்று தெரியும். வழக்கம் தெரியாதவருக்கு அபூர்வமான பறவை வந்தாலும் தெரியாது.

இரண்டு வகை நிலம் சந்திக்கும் ஓரமாகப் பாருங்கள். புதரும் வெட்டவெளியும் சேரும் இடம், தண்ணீரும் கரையும் சேரும் இடம். இரு பக்கத்து உயிரினங்களும் அங்கே வரும்.

அடுத்து சூரியன். காலையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி நில்லுங்கள். எதிரே சூரியன் இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலுருவமாகத்தான் தெரியும். "கறுப்பா ஒரு குருவி" என்று பலர் எழுதுவது பெரும்பாலும் இப்படிப் பார்த்ததுதான்.

2. கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கட்டாயம். பேனா மை ஈரத்தில் கரையும், பென்சில் எழுத்து நிற்கும். மங்கலான நிறத்தில் உடை, சத்தம் போடாத செருப்பு அல்லது ஷூ, குடிக்கத் தண்ணீர். முதல் சில வாரங்களுக்கு இவையே போதும்.

அதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால் பைனாகுலர் வாங்கலாம். அதில் 8x42 என்று போட்டிருந்தால், 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் வரும் 5.25 மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம். இந்த எண் பெரிதாக இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும்.

புதியவர்கள் அதிக மடங்கைத் தேடிப் போகிறார்கள். 10 மடங்கில் கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும், பார்வைப் பரப்பும் பொதுவாகச் சுருங்கும். பறவையைக் கண்டுபிடிப்பதே பாடாகிவிடும். 8 மடங்கில் தொடங்குங்கள். பூச்சிகளையும் பார்க்க விருப்பம் என்றால், இரண்டு மீட்டர் தூரத்திலும் ஃபோகஸ் ஆகுமா என்று வாங்கும்போதே சோதித்துப் பாருங்கள்.

பைனாகுலரை உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்யாமல் வெளியே போகாதீர்கள். முதலில் இரண்டு குழல்களையும் விரித்து மடக்கி, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண் பக்கத்து ரப்பரை உள்ளே இறக்கிவிட வேண்டும். மற்றவர்கள் வெளியே ஏற்ற வேண்டும். அப்புறம் வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இப்போது இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது குழலில் இருக்கும் தனி வளையத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். இரண்டு கண்ணின் பார்வைத் திறனும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது; அந்த வேறுபாட்டை இந்த வளையம் ஈடுகட்டுகிறது. இதைச் செய்யாமல் பார்த்தால் சீக்கிரமே தலைவலி வந்துவிடும்.

பறவையைப் பைனாகுலர் பார்வைக்குள் கொண்டு வரும் முறையும் பழக வேண்டியதே. பறவையை வெறும் கண்ணால் பார்த்தபடியே இருங்கள்; பார்வையை இறக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எந்தக் கிளை என்பதே மறந்துபோகும். வீட்டிலேயே ஒரு தூரத்து ஜன்னலை வைத்துப் பயிற்சி செய்யுங்கள். சூரியனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இதில் பார்க்கக் கூடாது. கண் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

இன்னொரு பயன்: பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பி, பெரிய லென்ஸ் வழியாகப் பார்த்து, சின்ன லென்ஸை ஒரு இலைக்கு மிக அருகே கொண்டு போனால் அது பூதக்கண்ணாடியாகிவிடும். எறும்பின் தாடையைப் பார்க்க இது போதும்.

3. எதைப் பார்க்க எந்த நேரம்

பறவைகளுக்கு, சூரியன் உதித்த முதல் இரண்டு மூன்று மணி நேரம். இரவு முழுக்கப் பட்டினி கிடந்ததால் அப்போது மும்முரமாக மேயும், அதிகம் குரல் கொடுக்கும். நடுப்பகலில் அடங்கிவிடும், மாலையில் மறுபடி கொஞ்சம் நடமாட்டம் இருக்கும்.

பட்டாம்பூச்சிக்கும் தட்டானுக்கும் இது தலைகீழ். உடம்பு சூடேறினால்தான் அவற்றால் நன்றாகப் பறக்க முடியும் என்பதால் வெயில் ஏறிய பிறகு போங்கள். ஆனால் படம் எடுப்பதே நோக்கம் என்றால் விடியலில் போவது நல்லது. குளிரில் இலையில் ஒட்டியபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இரவுக்கு ஒரு டார்ச். அதைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியோடு ஒட்டிப் பிடித்துத் தரையைப் பாருங்கள். புல்லில் சின்னச் சின்னதாக மின்னுபவற்றில் பல ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் இது தெரியாது, ஏனென்றால் அந்தக் கண்கள் ஒளியை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகின்றன.

4. போனதும் உட்காருங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். நீங்கள் நுழைந்ததுமே அங்கிருந்த பறவைகள் ஒதுங்கிவிட்டன. நடந்துகொண்டே இருந்தால் ஒதுங்கி ஓடுபவற்றின் முதுகை மட்டுமே பார்ப்பீர்கள். பதினைந்து இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் அவை தம் வேலைக்குத் திரும்பும்.

அந்த நேரத்தில் காதைப் பயன்படுத்துங்கள். எந்தெந்தத் திசையிலிருந்து என்னென்ன குரல் என்று மட்டும் கவனித்தால் போதும், பெயர் வேண்டாம். அணிலும் தவிட்டுக்குருவிகளும் திடீரென்று விடாமல் கத்தினால், பக்கத்தில் பூனையோ பாம்போ வல்லூறோ இருக்க வாய்ப்பு அதிகம். அவை எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகின்றன என்று பாருங்கள்.

5. பறவையைப் பார்க்கும் வரிசை

நிறத்தில் தொடங்காதீர்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறித் தெரியும். வடிவம் அவ்வளவு ஏமாற்றாது. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் அளவு. சென்டிமீட்டர் கணக்கு வேண்டாம். சிட்டுக்குருவி, மைனா, காகம் என்று தெரிந்த மூன்று பறவைகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். "மைனாவைவிடச் சிறிசு, சிட்டுக்குருவியைவிடப் பெரிசு" என்பது நல்ல குறிப்பு.

இரண்டாவது அலகு, வால், கால். கூம்பு மாதிரி தடித்த அலகு என்றால் விதை உடைத்துத் தின்பது. மெல்லியதாக வளைந்த அலகு என்றால் பூந்தேன் குடிப்பதாக இருக்கலாம். வானத்தில் வட்டமிடும் பருந்தின் வாலைப் பாருங்கள்: கரும்பருந்துக்கு வால் நுனி நடுவில் உள்வாங்கிக் கவட்டையாக இருக்கும், செம்பருந்துக்கு வட்டமாக இருக்கும். நிழலுருவமாகத் தெரிந்தாலும் இது ஏமாற்றாது. வெள்ளைக் கொக்கு என்று எல்லாவற்றையும் ஒன்றாக எழுதுவதும் வழக்கமான தவறு. சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம். மாடுகளோடு மேயும் உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் அலகு. பாதம் சேற்றுக்குள் இருந்தால் அது வெளியே எடுக்கும்வரை காத்திருங்கள்.

மூன்றாவது, என்ன செய்கிறது? இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி, நேரத்தையும் இதற்கே அதிகம் கொடுக்க வேண்டும். வாலாட்டி ஓயாமல் வாலை மேலும் கீழும் ஆட்டும். கரிச்சான் வெட்டவெளியில் ஒரு கம்பியிலோ கம்பத்திலோ உட்கார்ந்து, பூச்சியைப் பாய்ந்து பிடித்து, பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். மரங்கொத்தி அலையலையாக ஏறி இறங்கிப் பறக்கும். ஒரு கரிச்சானைத் தொடர்ந்து கவனித்தால், எத்தனை பாய்ச்சலில் இரை சிக்கியது, பக்கத்தில் வந்த காகத்தை என்ன செய்தது என்பதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கும். பெயர் தெரியாவிட்டாலும் அது மதிப்புள்ள பதிவு.

நான்காவது, எந்த இடம்: தரை, புதர், அடிமரம், உச்சிக்கிளை, தண்ணீர். இதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். வெண்மார்பு மீன்கொத்தி தண்ணீரே இல்லாத தோட்டத்திலும் இருக்கும். வெட்டுக்கிளி, பல்லி எல்லாம் அதற்கு இரை.

கடைசியில்தான் நிறம். உடம்பு முழுவதையும் ஒரே சொல்லில் சொல்லாமல் தலை, கண்ணைச் சுற்றி, தொண்டை, மார்பு, முதுகு, சிறகு, வாலின் அடிப்பகுதி என்று பிரித்துப் பாருங்கள். கொண்டைக்குருவியின் வாலடிச் சிவப்பு இப்படிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

ஆணும் பெண்ணும் வேறு வேறு இனம் போலத் தெரியலாம் என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். ஆண் குயில் பளபளக்கும் கறுப்பு, சிவந்த கண். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். இரண்டையும் இரண்டு பறவைகளாக எழுதிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

6. பூச்சிகளுக்கு வேறு வரிசை

பூச்சி இனங்களில் இதுவரை பெயரிடப்பட்டவையே பல லட்சம். அதனால் இனம்வரை போக முயலாமல், எந்தக் கூட்டம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கால்களை எண்ணுங்கள். ஆறு என்றால் பூச்சி, எட்டு என்றால் சிலந்தி அல்லது அதன் உறவு. அடுத்து இறக்கை. தேனீக்கும் குளவிக்கும் நான்கு, ஈக்கு இரண்டுதான். மஞ்சள் கறுப்புப் பட்டையோடு பூ முன்னால் அந்தரத்தில் நிற்பதைப் பலர் தேனீ என்று எழுதுவார்கள். அது தேனீ வேஷம் போட்ட ஒரு வகை ஈயாக இருக்கலாம். பெரிய கண்களும் குட்டையான உணர்கொம்புகளும் அதைக் காட்டிக்கொடுக்கும். கொட்டாத பூச்சி, கொட்டும் பூச்சியின் நிறத்தை எடுத்துக்கொண்டு தப்பிக்கிறது.

உட்காரும்போது இறக்கையை எப்படி வைக்கிறது என்பது அடுத்த தடயம். தட்டான் இறக்கையை விரித்து வைக்கும். ஊசித்தட்டான் பெரும்பாலும் முதுகுக்கு மேல் சேர்த்து மடக்கும், அதன் கண்களும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளி இருக்கும். பட்டாம்பூச்சிக்கு உணர்கொம்பின் நுனி குமிழ் போலத் தடித்திருக்கும். அந்துப்பூச்சிக்குப் பொதுவாக நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். வண்டின் கெட்டியான மேல்சிறகுகள் முதுகில் நேர்க்கோட்டில் சந்திக்கும். சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகள் பலவற்றில் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து பெருக்கல் குறி போலத் தெரியும்.

அப்புறம், எந்தச் செடியில் இருந்தது? இதைக் குறிக்காமல் வந்தால் பாதித் தகவல் போய்விடும். பல புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே தின்னும். எருக்கஞ்செடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு ஒரு புழு இருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கும் என்று முதலில் சந்தேகிக்கலாம். எலுமிச்சை இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு சிறு வயதில் அந்த வேஷத்தில்தான் இருக்கும். கடைசிமுறை தோலுரித்ததும் பச்சையாகிவிடும். இந்த மாற்றத்தை ஒரே செடியில் தொடர்ந்து பார்க்க முடிவது பெரிய வாய்ப்பு.

நெருங்கும்போது உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. மேலிருந்து கையை நீட்டாதீர்கள். தாழ்வாக, மெதுவாக, பக்கவாட்டில் போங்கள். பூச்சிகள் திடீர் அசைவுக்குத்தான் அதிகம் பயப்படும்.

7. உயிரினம் இல்லாத இடத்திலும் தடயம் இருக்கும்

இலை ஓரத்தில் கத்தரித்தது போல அரைவட்டம் வெட்டப்பட்டிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. கூட்டுக்குள் அறை கட்ட எடுத்துப் போயிருக்கும். காய்ந்த மணலில் சின்னக் கூம்புக் குழிகள் இருந்தால் அடியில் குழியானை என்ற பூச்சிப் புழு காத்திருக்கிறது. வளர்ந்த பிறகு தட்டான் போன்ற உருவம் வரும், ஆனால் உணர்கொம்பு நீண்டு நுனி தடித்திருக்கும்.

கல்லையோ மரக்கட்டையையோ புரட்டிப் பார்ப்பதாக இருந்தால், உங்களுக்கு அந்தப் பக்கத்து விளிம்பைக் குச்சியால் உங்களை நோக்கித் தூக்குங்கள். இடைவெளி எதிர்ப்பக்கம் திறப்பதால் உள்ளே தேளோ பாம்போ இருந்தாலும் உங்களை விட்டு விலகி ஓட வழி இருக்கும். பார்த்ததும் கல்லை இருந்தபடியே மெதுவாக வையுங்கள். அடியிலிருக்கும் ஈரமும் இருட்டும்தான் அவற்றின் வீடு.

8. எதைச் செய்யக் கூடாது

கூட்டுக்கு அருகே போகாதீர்கள், மறைக்கும் இலையை விலக்காதீர்கள். நீங்கள் போன பிறகு காகமோ பூனையோ அந்தத் திறப்பு வழியாகப் பார்க்கும். தாய்ப்பறவை வாயில் இரையோடு உள்ளே போகாமல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், நீங்கள்தான் தடை என்று அர்த்தம். உடனே பின்வாங்குங்கள்.

பதிவு செய்த குரலைப் போனில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். போட்டிப் பறவை வந்துவிட்டது என்று நினைத்து, மேய வேண்டிய நேரத்தை அது சண்டைக்குச் செலவழிக்கும்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அது அனாதை இல்லை. பறக்கப் பழகும் பருவம் அது, பெற்றோர் பக்கத்திலிருந்தே ஊட்டும். பூனை பாயும் இடமென்றால் அருகிலுள்ள புதருக்குள் விட்டுவிட்டு விலகுங்கள்.

9. அங்கேயே எழுதுங்கள்

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், வானிலை. அதன் பிறகு பார்த்தவை ஒவ்வொன்றும், எண்ணிக்கையோடு. வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் நினைவு புத்தகப் படத்தோடு கலந்துவிடும். பார்க்காத அடையாளத்தையும் பார்த்ததாக நம்பத் தொடங்குவோம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே எழுதச் சொல்வது இதனால்தான்.

ஒரு நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: "காலை 7.10. மைனா அளவு, ஒல்லி. நீண்ட வால். புதருக்கு அடியில் தரையில். மூன்று இருந்தன. இலையைப் புரட்டித் தின்றன. கண்ணைச் சுற்றிய நிறம் தெரியவில்லை." கடைசி வரியைக் கவனியுங்கள். எது தெரியவில்லை என்று எழுதுவதும் தகவல்தான்.

கூட்டமாகப் பறந்தால் பத்து பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, மொத்தக் கூட்டத்தில் அப்படி எத்தனை இடம் என்று கணக்கிடுங்கள். "நிறைய" என்று எழுதினால் அடுத்த வருடம் ஒப்பிட முடியாது. காகம், புறா, மைனாவையும் விடாமல் எழுதுங்கள். இன்று சாதாரணமாக இருப்பது குறையத் தொடங்கினால் அதைக் காட்ட இந்தப் பதிவுகள்தான் இருக்கும்.

10. படம் எடுப்பது

போனில் நேரமும் தேதியும் சரியா என்று முதலில் பாருங்கள். தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிட்டு அப்புறம் நெருங்குங்கள். நெருங்கும்போது பறந்துவிட்டாலும் ஒன்றாவது கையில் இருக்கும்.

பூச்சிக்கு ஒரே கோணத்தில் பத்துப் படம் உதவாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, செடியின் இலை தெரியும்படி ஒன்று. பட்டாம்பூச்சிக்கு இறக்கையின் அடிப்பக்கம் அவசியம். மேல்பக்கம் ஒத்திருக்கும் இனங்களைப் பல நேரம் அடிப்பக்கத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். மங்கலான படத்தையும் அழிக்காதீர்கள்.

11. இப்போது பெயர் தேடலாம்

நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையேட்டைத் திறங்கள். உங்கள் பகுதியில் இருக்கிறதா, இந்தப் பருவத்தில் இருக்குமா என்று முதலில் பாருங்கள். வலசை வரும் பறவை வராத மாதத்தில் "கிடைத்தால்" மறுபடி யோசிக்க வேண்டும்.

மெர்லின் செயலி குரலை வைத்தும் படத்தை வைத்தும் பெயர் சொல்லும். ஐநேச்சுரலிஸ்ட் எல்லா உயிரினத்துக்கும் படத்திலிருந்து பரிந்துரை தரும். இரண்டையும் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும் பறவைகள் உண்டு என்பதால், குரலை மட்டும் வைத்துச் செயலி சொன்ன பெயரைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். சொன்ன பெயரோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இனங்கள் எவை என்று தேடி, அவை ஏன் இல்லை என்று உங்கள் குறிப்பிலிருந்தே காரணம் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் "ஒரு வகை ஊசித்தட்டான்" என்றே நிறுத்திக்கொள்ளலாம். தவறான இனப்பெயரைவிட சரியான கூட்டத்தின் பெயர் மேல்.

12. பதிவைப் பகிர்வது

பறவைப் பட்டியலைப் பதிய ஈபேர்டு (eBird) என்ற இணையதளம். அங்கே உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்ததா, நடந்து பார்த்ததா என்று கேட்கும். தொடங்கிய இடத்திலிருந்து 30 மீட்டருக்குள்ளேயே இருந்தால்தான் முதல் வகை. அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்தீர்களா என்ற கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள். "ஆம்" என்றால், பட்டியலில் இல்லாத பறவையை நீங்கள் காணவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். பிடித்த பறவைகளை மட்டும் போட்டுவிட்டு "ஆம்" சொன்னால் அந்தக் கணக்கு கெடும்.

பூச்சி, சிலந்தி, தவளை, ஊர்வனவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் வசதி. அழிவின் விளிம்பில் இருப்பதாகக் குறிக்கப்பட்ட இனங்களின் இடத்தை அது தானாகவே மங்கலாக்கிக் காட்டும். மற்றவற்றுக்குக் கூடோ வளையோ தெரியும் படம் என்றால் இடத்தை நீங்களே மறைத்துவிடுங்கள். கூட்டுப் படத்தைக் குழுவில் போட்டால் அடுத்த நாள் அங்கே கூட்டம் சேரும் அபாயம் உண்டு.

யாராவது உங்கள் அடையாளத்தைத் திருத்தினால், எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். பதிலைக் கேட்டதும் உங்கள் பழைய குறிப்பை எடுத்து, அந்த அடையாளத்தை அன்று பார்த்தீர்களா என்று சரிபாருங்கள். பார்த்து எழுதியிருந்தால் திருத்தத்தை ஏற்கவோ மறுக்கவோ உங்களிடம் காரணம் இருக்கும். எழுதவில்லை என்றால் அந்த அடையாளத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பறவை வரும்போது முதலில் அங்கே பாருங்கள்.